யார் யாருக்குக் கொடுத்த வாக்கு?

ஆம்பூரை ஒட்டிய எங்கள் சேரியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். இடம் அம்பேத்கர் மன்றத்துத் திண்ணை. ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். அப்பன்மார்களில் பாதிப் பேருக்கு டேனரி வேலை. அம்மாக்களுக்குப் பெரும்பாலும் ஷூ கம்பெனி. கம்பெனி வண்டி வந்து அவர்களை இறக்கிவிடுகிற வரைக்கும் பிள்ளைகள் எங்கள் பொறுப்பு.

ஒருநாள் ஏழாவது படிக்கிற பையன் ஒருவன், யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று நாட்டு உறுதிமொழியை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினான். மறுநாள் காலைப் பிரேயரில் அவன்தான் முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம், மற்றவர்கள் பின்னால் சொல்வார்களாம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. கை நீட்டின நீட்டல் கூட அசையவில்லை. "இதுல உனக்குப் புரிஞ்சது இன்னாடா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அது புரியறதுக்கு இல்லண்ணா, சொல்றதுக்கு" என்றான்.

தமிழில் 'ஒப்பித்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. மனப்பாடமாகச் சொல்வதும் ஒப்பித்தல்தான், ஒரு பொருளை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒப்பித்தல்தான். அதற்குப் பக்கத்திலேயே 'ஒப்புக்கொள்ளுதல்' நிற்கிறது. அது கையெழுத்துப் போடுகிற காரியம். இன்னொரு பக்கம் 'ஒப்புக்கு' இருக்கிறது, பேருக்குச் செய்வது. பிள்ளைகள் விளையாட்டில் ஒருவனைச் சேர்த்துக்கொண்ட மாதிரி சேர்த்துக்கொண்டு, அவன் ஓடினாலும் கணக்கில்லை, விழுந்தாலும் கணக்கில்லை என்று வைத்திருப்பார்களே, ஒப்புக்குச் சப்பாணி, அதில் வருகிற ஒப்பு. (கால் முடியாதவரை இழிவாகச் சொல்லும் சொலவடை அது என்று தெரியாமல் எழுதவில்லை. நம்மை ஆட்டத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.) தினமும் காலையில் நம் பிள்ளை செய்வது இந்த நான்கில் எது என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்த உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்கிற தெலுங்கர். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அதிகாரியாக இருந்தவர். சீனாவோடு போர் நடந்த 1962ஆம் ஆண்டில் தெலுங்கில் இதை எழுதினார். மறு ஆண்டு அந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் பிள்ளைகளைச் சொல்லவைத்தார்கள். 1964இல் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் எல்லாப் பள்ளிகளுக்கும் இதைப் பரிந்துரைத்தது. 1965 ஜனவரி 26 முதல் நாடு முழுக்கப் பிள்ளைகள் சொல்லிவருகிறார்கள். எழுதியவர் பெயர் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. அவர் கஜானாவில் உட்கார்ந்திருந்தவர், வரவு எது, பற்று எது என்று தெரிந்த மனிதர் என்பது மட்டும் எனக்கு மனதில் நின்றுவிட்டது.

அதில் என்னதான் சொல்லியிருக்கிறது? நாட்டைச் சொந்தம் கொண்டாடுவது. அதில் வாழ்கிறவர்களை ஒருதாய் மக்களாக உறவு கொண்டாடுவது. நாட்டின் பழம்பெருமைக்குப் பெருமிதப்படுவது, அந்தப் பெருமைக்குத் தகுதியானவனாக நடந்துகொள்வதாகச் சொல்வது. பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இதோடு தீண்டாமைக்கு எதிரான வாசகம் ஒன்றும் அச்சாகி வந்திருக்கிறது. தீண்டாமையைப் பாவம் என்கிறது, குற்றம் என்கிறது, மனிதத்தன்மைக்கு விரோதம் என்கிறது. மூன்றும் சரி. ஆனால் இதை ஊர்ப் பிள்ளையும் சொல்கிறது, சேரிப் பிள்ளையும் சொல்கிறது. அடித்தவனும் அடிபட்டவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று 'அடிப்பது தப்பு' என்று ஒரே குரலில் சொன்னால் அது என்ன விதமான பேச்சு? இரண்டு வாயிலும் ஒரே சொல்தான். அர்த்தம் ஒன்றா?

அந்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உறுதிமொழியை அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சில் மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். புத்தகத் தமிழில் இருக்கிற வரைக்கும் அது சாமி பாட்டு மாதிரி. வீட்டுப் பேச்சுக்கு இறக்கினால்தான் கேள்வி வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வந்தது. ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு, நோட்டில் பாதிக்கு மேல் எழுதாமல் வந்தாள். "ஏன்டி எழுதல?" "சத்தியம்னு எழுதனா யார்னா தலை மேல அடிக்கணும் இல்லண்ணா? இது யார் தலை மேலண்ணா?"

பெரிய பெரிய தத்துவப் புத்தகங்கள் வாக்குறுதியைப் பற்றி எழுதியிருக்கின்றன. அவற்றில் நான் தெரிந்துகொண்டது, வாக்குக்கு இரண்டு முனை உண்டு என்பதுதான். கொடுப்பவன் ஒரு முனை, பெற்றுக்கொள்பவன் மறுமுனை. பெறுகிறவன் இல்லாமல் சொன்னால் அது ஆசை, வேண்டுதல், இல்லையென்றால் வெறும் சத்தம். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் கேட்கிற ஆள் ஒருவர் எதிரே நிற்க வேண்டும். அந்தப் பொண்ணுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் வாக்குக் கொடுக்கிறார்கள். யாரிடம் கொடுக்கிறார்கள்?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று இந்த நாட்டின் சட்டமே சொல்கிறது. குடியாத்தம், வேலூர்ப் பக்கம் பீடிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேலைக்கு விட்ட காலம் நம் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். வாங்கினது அப்பன், கழித்தது பிள்ளை. அது கொத்தடிமை, அது தப்பு என்று போராடித்தான் பிள்ளைகளை மீட்டோம். 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தது. அப்படி இருக்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், அதுவும் அர்த்தம் சொல்லாமல், ஒரு நாட்டுக்கே உறுதி வாங்குவது மட்டும் எப்படிச் சரியாகும்? இதை ஒரு கூட்டத்தில் கேட்டேன். "தோழர், அதையும் இதையும் ஒண்ணா வைக்காதீங்க" என்றார் ஒரு மூத்தவர். அவர் சொன்னதும் நியாயம்தான், முன்பணத்தில் பிள்ளையின் உடம்பு போனது, இதில் குரல் மட்டும்தான். ஆனாலும் வாங்காத கடனைப் பிள்ளை கழிக்கிற மாதிரிதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.

கடன் என்று சொன்னேன். இந்த இடத்தில்தான் பாபாசாகேப் வருகிறார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய கடைசிப் பெரிய பேச்சை நம்மில் பலர் படித்திருப்போம். அரசியலில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று சமத்துவம் வரப்போகிறது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவம் இல்லை, இந்த முரண்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் போக முடியும் என்று எச்சரித்த அதே பேச்சில், சகோதரத்துவத்தைப் பற்றியும் சொல்கிறார். ஆயிரக்கணக்கான சாதிகளாகக் கிடக்கிறவர்கள் எப்படி ஒரு தேசமாவார்கள் என்று கேட்கிறார். நாம் ஏற்கெனவே ஒரு தேசம் என்று நம்பிக்கொள்வதே பெரிய மயக்கம் என்கிறார். அரசியல் சட்ட முகவுரையில் சகோதரத்துவம் என்ற சொல்லைக் கொண்டுவந்ததும் அவர் தலைமையிலான வரைவுக் குழுதான். அவருக்கு அது இனிமேல் உண்டாக்க வேண்டிய ஒன்று. நம் பிள்ளை காலையில் சொல்லுகிற வாசகத்திலோ அது ஏற்கெனவே ஆகிவிட்ட காரியம். 'ஆக வேண்டும்' என்பதை 'ஆகிவிட்டது' என்று மாற்றிச் சொல்லிவிட்டால் கடன் அடைந்துவிட்டதாகக் கணக்கு எழுதின மாதிரி.

பாபாசாகேபுக்கும் முன்னால், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரும் இதைத்தான் செய்தார். சாதியைக் கட்டிக்கொண்டு சுதேசியம் பேசியவர்களை வாராவாரம் விடாமல் கேள்வி கேட்டார். கடல் தாண்டி அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் கூட்டத்தில் கடன் பத்திரத்தையே உவமையாக எடுத்துக்கொண்டார். நாட்டை உண்டாக்கியவர்கள் எல்லாருக்கும் எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று இருக்கிறது, கறுப்பர்கள் அதை மாற்றப் போனால் பணமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள், நாங்கள் அதை மாற்றிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறோம் என்கிற பொருளில் பேசினார். நம் கருவூல அதிகாரி எழுதியதையும் பத்திரமாகப் படித்தால் என்ன? பத்திரம் என்றால் கொடுக்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார் என்று இரண்டு பெயர் இருந்தாக வேண்டும். சேரிப் பிள்ளையின் பெயர் அதில் தவறான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. அவன் பெற வேண்டியவன். அவனைக் கொடுக்க வேண்டியவனாக நிறுத்திக் கை நீட்டவைத்திருக்கிறார்கள்.

இதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். ஏழாவது படிக்கிற அந்தப் பையன் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவங்கதான் நமக்குத் தரணுமா?" என்றான். "ஆமா." "எவ்ளோண்ணா?" என்னிடம் பதில் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் அம்மா என்னைத் தேடி வந்தார். கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி நேராக, கழுத்தில் அடையாள அட்டையோடு. "தம்பி, எம்புள்ள கணீர்னு சொல்றான்னு முன்னால நிக்க வெக்கறாங்க. எங்க காலத்துல எங்கள முன்னாடி யாரு நிக்க வெச்சா? நீ அர்த்தம் சொல்றேன்னு அவன் மனசுல எதுனா போட்டு, அவன் தயங்கி நின்னுட்டா, வேற புள்ளயக் கூப்புடுவாங்க. அத்த மட்டும் பண்ணாத."

இந்த வாதத்தைத் தாண்ட எனக்குப் பல நாள் ஆனது. நானும் பள்ளியில் இருக்கும்போது குரல் நன்றாக இருக்கிறது என்று ஒரு ஆசிரியை சொல்லி, கடவுள் வாழ்த்துப் பாட மட்டும் வேறு பெண்ணைக் கூப்பிட்டதை மறக்கவில்லை. நம் பிள்ளை ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறான், ஊர்ப் பிள்ளைகள் அவன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறார்கள் என்பது சின்ன விஷயமா? அவன் சொல்லும் வாசகம் பொய்யாக இருக்கலாம். அவன் நிற்கிற இடம் பொய் இல்லை. அர்த்தம் தெரியாமல் சொல்லுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த வாசகம் கொஞ்சமாவது உண்மையாகிறது என்றும் சொல்லலாம். படித்த நாம் அர்த்தம், அர்த்தம் என்று அலைகிறோம். அந்த அம்மா இடத்தைப் பார்க்கிறார்.

அப்படியென்றால் சும்மா இருந்துவிடலாமா? சொல்லாமல் நிற்கிற உரிமை என்று ஒன்று இருக்கிறது. கேரளத்தில் 1985இல் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீக்கியது தவறு என்று தீர்ப்புச் சொல்லி அவர்களை மறுபடி சேர்க்கச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943லேயே பள்ளிப் பிள்ளைகளைக் கொடி வணக்கம் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கே 2017 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வந்தே மாதரம் பாட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தகுந்த காரணம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கேரளப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு மதம் இருந்தது. மௌனத்துக்கு அது காரணம் கொடுத்தது. நம் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நின்றால் அதை யார் கொள்கை என்று பார்ப்பார்கள்? "ஒண்ணும் தெரியாது, ஸ்காலர்ஷிப்புக்கு வருது" என்பார்கள். மௌனம் கூட எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. அதனால் நம் பிள்ளைகள் சொல்லத்தான் வேண்டும், தெரிந்து சொல்ல வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். அந்த அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "தயங்காம சொல்ற மாதிரி சொல்லிக்குடு" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

தெரிந்துகொள்ளத் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் இறந்துபோன நம் ஆள் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக ஆதிக்கச் சாதிக்காரர் நிலத்தின் வழியாக விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி, சுமார் 20 அடி கீழே இறக்கினார்கள். வீடியோவை எல்லாரும் பார்த்தோம், பிள்ளைகளும் பார்த்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. எங்கள் திண்ணையில் உடன்பிறந்தவர் என்ற சொல் வந்தபோது ஒரு பையன் அந்தப் பாலத்தைத்தான் சொன்னான். "கூடப்பொறந்தவன் செத்தா வழி உடுவாங்க இல்ல?" 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. காலையில் கை நீட்டி உறவு சொல்லிய வாய்களை எந்தக் குழு விசாரிப்பது? அர்த்தம் விளக்கும் இந்தப் பாடம் சேரித் திண்ணையில் நடப்பதே ஒருவகையில் இடம் மாறி நடப்பதுதான். நியாயமாக இது ஊருக்குள் நடக்க வேண்டிய வகுப்பு. அங்கே நடத்த எங்களை யாரும் கூப்பிடவில்லை.

நம் திண்ணையும் சுத்தமில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். முதல் ஆறு மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து அருந்ததியர் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை. போய்க் கூப்பிட்டபோது ஒரு தாத்தா, "உங்க புள்ளைங்க ஒண்ணும் சொல்லாதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்த பிறகு, நாம் பெற வேண்டியவர்கள் மட்டும்தான் என்று பிள்ளைகளிடம் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. பத்திரத்தில் நம் பெயர் இரண்டு பக்கமும் இருக்கிறது. இன்றைக்கு நான்கு பிள்ளைகள் அங்கேயிருந்து வருகிறார்கள். ஒருவன் மட்டும் இன்னும் தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்துதான் கொண்டுவருகிறான்.

தேசிய கீதத்தில் ஆறுகள் வருகின்றன, மலைகள் வருகின்றன. "நம்ம பாலாறு ஏண்ணா இல்ல?" என்று கேட்டார்கள். எழுதிய தாகூர் வங்காளி, எல்லா ஆற்றையும் ஒரு பாட்டில் வைக்க முடியாது என்று சொன்னேன். பாலாறு பாட்டில் இல்லாவிட்டாலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது என்றும் சொன்னேன். தோல் கழிவைக் கலந்து ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றிய வேலூர் மக்கள் நல மன்ற வழக்கு, 1996 ஆகஸ்ட் 28. கெடுத்தவனே அதற்கான செலவைத் தர வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. வங்காளம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 2015 ஜனவரி கடைசியில் இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் எழுந்து நின்று பாடுகிற பாட்டு அவர்கள் பாஷையில் எழுதியது. உறவு என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் நான் அவர்களிடமிருந்து தொடங்குவேன்.

பழம்பெருமை பற்றி ஒரே ஒரு சம்பவம் சொன்னால் போதும். 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. கோழி உண்டு, ஆடு உண்டு, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு வந்தது. மழை வரும் என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பலவிதமான, வளமான மரபு என்று காலையில் சொல்லவைக்கிற நாடு, மாலையில் நம் வீட்டு அடுப்பைப் பார்த்து மட்டும் முகத்தைச் சுளிக்கிறது. பிறகு அந்த மரபுக்குத் தகுதியானவனாக நீ மாறு என்று பிள்ளையிடம் கேட்கிறது. மரபு எப்போது நம் பிள்ளைக்குத் தகுதியாகப் போகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் எட்டாவது படிக்கிற ஒரு பெண். போன சுதந்திர தினத்துக்குப் பேச்சுப் போட்டி. தலைப்பு 'வேலூர்ப் புரட்சி'. பள்ளியில் எழுதிக் கொடுத்ததை அவள் திண்ணையில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 1806 ஜூலை 10. கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராக எழுந்தார்கள். நெற்றியில் மதச் சின்னம் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த சின்னம் இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். நம் மண்ணின் பெருமை. எனக்கும் அது பெருமைதான். தன் முகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று வேற்று நாட்டான் உத்தரவு போட்டால் எதிர்க்காதவன் மனிதன் இல்லை.

தோல் வருகிற வாக்கியத்தில் அவள் நின்றுவிட்டாள். எழுதிக் கொடுத்த தாளில் அந்தத் தோல் 'தீட்டான தோல்' என்று இருந்தது. "அண்ணா, தோலு தலைல வெச்சா தீட்டா?" என்றாள். அவள் அப்பா இருபது வருடமாக டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர். எவ்வளவு தேய்த்தாலும் விரல் இடுக்கில் வெள்ளை போகாது. "அப்ப தீட்டுன்னு சொன்னவங்க நல்லவங்களா, கெட்டவங்களா?"

நல்லவர்கள், ஆனால் அந்த ஒன்றில் தப்பானவர்கள் என்று சொன்னேன். சென்னைப் பட்டாளத்தில் நம் ஆட்களும் சிப்பாய்களாக இருந்தார்கள் என்று சொன்னேன். ஒரே ஆள் ஒரு பக்கம் அவமானத்தை எதிர்த்துக்கொண்டே மறுபக்கம் இன்னொருவரை அவமானப்படுத்த முடியும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நீளமாகப் பட்டது. கடைசியில் ஒரு பக்கத்துக்கு வீராவேசமாக எழுதிக் கொடுத்தேன், பேச்சில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்க பேச்சுண்ணா" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். 'தீட்டான' என்பதை அடித்துவிட்டு, அவளாக ஒரே ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அந்தத் தோலை உரித்துப் பதம் பண்ணிய கைகளும் இந்த நாட்டுக் கைகள்தான் என்கிற மாதிரி.

ஒத்திகையில் கேட்ட ஆசிரியர் திட்டவில்லை. புத்தகத்தில் இல்லாதது வேண்டாம், மூன்று நிமிடத்துக்கு மேல் போகும் என்று மட்டும் சொல்லி அந்த வரியை எடுக்கச் சொன்னாராம். எடுத்துவிட்டுப் பேசினாள். இரண்டாம் பரிசு, டிபன் பாக்ஸ். அன்று ராத்திரி அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே நின்று முழுப் பேச்சையும், எடுத்த வரியோடு சேர்த்துச் சொல்லிக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது இன்னா தோலு?" என்றார். "ஆட்டுத் தோலா, மாட்டுத் தோலா?"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "தோலுன்னு மட்டும்தான்பா போட்டுக்குது."

"தலைல வெக்கறதுன்னா ஆட்டுத் தோலாத்தான் இருக்கணும். மாட்டுத் தோலு கனம். வேர்வ பட்டா வெறச்சிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கை கழுவ எழுந்து போனார். அவள் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்து ஓரத்தில் 'ஆட்டுத் தோல்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.